குளிர்ந்த கையைத் தெரியாத பெட்டி

கற்பிட்டிக் கடைத்தெருவில் கெமரா பூட்டிக்கொடுக்கும் ஸப்ராஸுக்குத் தன் மூளையைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊருக்கும் அது இருக்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. ஊரோ உடைந்த போன் கண்ணாடியை மாற்றிக்கொள்ள மட்டும் அவனிடம் வந்து போனது. இப்படியே காலம் ஓடிவிடுமோ என்று அவன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் மனைவி றைஸாவின் விரல்களில் பிரச்சினை வந்தது.

றைஸா மதுரங்குளிப் பக்கத்தில் ஒரு நண்டுக் கொம்பனியில் வேலை செய்தாள். அவித்து ஆறவைத்த நண்டை உடைத்து, சதையைப் பிரித்து, ஐஸின் மேல் இருக்கும் தட்டில் சேர்க்கவேண்டும். நண்டின் ஓடும் உப்பும் சேர்ந்து பல வருடங்களாக அவளுடைய விரல் நுனிகளைத் தேய்த்துவிட்டிருந்தன. கொம்பனி வாசலில் விரலடையாளம் பார்க்கும் மெசினைப் பூட்டியபோது அதற்கு அவளை யாரென்றே தெரியவில்லை. அவளைப் போலவே அங்கு வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

மெனேஜர் பதுர்தீன் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். உள்ளே யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்று வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்.

"மாசம் முடியுமட்டும் பாப்பேன். அதுக்குப் பொறகு மெசினுக்குத் தெரியாத ஆள உள்ளுக்கு எடுக்க எனக்கு ஏலாது," என்று அவர் பெண்களிடம் சொல்லிவிட்டார்.

முகம் பார்க்கிற மெசின் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெண்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். வேலையறையில் வாயையும் மூக்கையும் மூடியிருப்பார்கள் என்பது ஒருபுறம். தங்கள் முகங்களை ஒரு பெட்டிக்குள் பிடித்துவைத்து எவன் எவனோ பார்ப்பானே என்பதுதான் பெரிய காரணம். பதுர்தீனின் வீட்டுப் பெண்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதனால் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வேலை போய்விடும் என்று றைஸா வீட்டில் சோர்ந்து திரிந்த நாட்களில், ஒரு காலை ஸப்ராஸ் இருட்டிலும் பார்க்கக்கூடிய கெமரா ஒன்றைத் திருத்தி மேசையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். றைஸா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் தட்டை வைக்கக் கை நீட்டினாள். திரையில் அவளுடைய கை குறுக்கே போனது. தோலுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாய் நரம்புகள் கிளைவிட்டு ஓடின, நீர் வற்றும் நேரத்தில் களப்புச் சேற்றில் தெரிகிற வாய்க்கால்கள் மாதிரி.

"கைய எடுக்காத! அப்பிடியே வை!"

"என்ன மச்சான், பாம்பா?"

"தேயாத கோடு, புள்ள! உப்புக்கும் தேயாது, ஓட்டுக்கும் தேயாது. உள்ளுக்கு இரிக்கி!"

"நல்லது. பாண் காயுது, திண்டிட்டுக் கத்துங்க."

கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சம் அந்தக் கெமராவில் இருக்கிறது. இரத்தம் அதைக் குடித்துவிடும். அதனால் நரம்பு ஓடும் இடம் கறுப்பாக விழும். ஒருவருடைய கோலம் இன்னொருவருக்கு வராது. இதையெல்லாம் ஸப்ராஸ் எங்கோ படித்திருந்தான். சாதாரண வெளிச்சத்தைத் தடுத்து இந்த வெளிச்சத்தை மட்டும் விட ஒரு கறுப்புத் தகடு வேண்டியிருந்தது. அலுமாரியைக் கிளறி, தங்கள் கல்யாணப் படச்சுருளின் கறுத்த நுனியை வெட்டி எடுத்தான். "நம்மட கல்யாணமும் ஒங்களுக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் ஆயிட்டு," என்று றைஸா சொன்னாளே தவிர, கத்தரிக்கோலை எடுத்துக்கொடுத்தது அவள்தான்.

பழைய வானொலிப் பெட்டியொன்றைக் குடைந்து கெமராவை உள்ளே வைத்தான். கையை மேலே வைத்தால் படம் பிடிக்கும். முன்பு பிடித்த படத்தோடு ஒப்பிட்டு ஆள் பெயரைத் திரையில் எழுதும். றைஸாவின் கையை அவன் சோதிக்காத நேரமில்லை. சமைக்கும்போது கூப்பிட்டான், உடுப்புக் கழுவும்போது கூப்பிட்டான், தொழுதுவிட்டு எழும்பியதும் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் பெட்டி அவளுடைய பெயரை எழுதியது. ஸப்ராஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதுர்தீனிடம் போனான்.

"ஒரு நாள் வெச்சுப் பாக்கிறன். சரி வந்தா மெசினும் நிக்கும், இவங்களும் நிப்பாங்க," என்றார் அவர்.

அந்த நாள் காலையில் எல்லாம் திறமாக நடந்தது. பெண்கள் வரிசையில் நின்று ஒருமுறை கை வைத்துப் பெயர் பதிந்தார்கள், மறுமுறை வைத்து உள்ளே போனார்கள். பெட்டி ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. "அல்லாவே, என்ட கைக்குள்ள இவ்வளவு ஆறா ஓடுது!" என்று ஸபீனா ராத்தா வாயில் கைவைத்தாள். அவள்தான் அங்கே எல்லோருக்கும் மூத்தவள், வாயும் பெரியது. முதலாளிக்குச் சிலாபத்திலும் ஒரு கொம்பனி இருப்பதாகப் பதுர்தீன் ஸப்ராஸின் காதில் போட்டார். அவன் பகல் முழுவதும் வாசலிலேயே இருந்து, தன் கடைக்கு எழுதப்போகிற புதிய பெயர்ப்பலகையின் நிறத்தை யோசித்தான்.

வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். முதலாவதாக வந்த பெண் கை வைத்தாள். திரை வெறும் வெள்ளையாக இருந்தது. 'ஆளைத் தெரியாது' என்றது பெட்டி. அடுத்தவளையும் தெரியாது என்றது. அதற்கடுத்தவளையும் அப்படித்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் காலையில் தெரிந்த எவரையுமே பெட்டிக்கு இப்போது தெரியவில்லை.

ஸப்ராஸ் பெட்டியைத் திறந்தான். வயரைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்தான். தன் கையை வைத்தான். நரம்பெல்லாம் அழகாகத் தெரிந்தது. பதுர்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏச்சை விட மோசமாக இருந்தது.

"நீ வா," என்று றைஸாவைக் கூப்பிட்டான். அவளையும் தெரியவில்லை. "கைய ஒழுங்கா வைக்கத் தெரியாதா? வீட்டில எத்தின தரம் வெச்ச?" என்று எல்லோருக்கும் முன்னால் எரிந்துவிழுந்து, அவளுடைய கையைப் பிடித்துச் சரியாக வைக்கப்போனான்.

பிடித்தவன் திடுக்கிட்டு விட்டுவிட்டான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது அந்தக் கை.

"இதென்ன இப்பிடிக் குளிருது?"

"வேற எப்பிடி இரிக்கும்? விடிஞ்சதில இருந்து ஐஸுக்குள்ளதானே கிடக்குது."

"எல்லா நாளும் இப்பிடியா?"

"ஓம், எல்லா நாளும்தான்."

"வீட்டுக்கு வரக்கொள்ள அப்பிடி இல்லையே."

"பஸ்ஸில கக்கத்துக்குள்ள வெச்சிட்டுத்தான் வாறன். ஊர் வரக்கொள்ள சூடாயிரும்," என்றாள் றைஸா, பெரிய விஷயமில்லாத மாதிரி.

ஸப்ராஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கையை எத்தனை நேரம் தன் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறான். வேலை முடிந்த கை எப்படியிருக்கும் என்று ஒருநாளாவது யோசித்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மெசின் பிழைவிட்டதற்கான வெட்கம் இல்லை அது.

குளிர்ந்த கையில் இரத்தம் உள்ளே ஒதுங்கிவிடும். வெள்ளைத் திரைக்குக் காரணம் அதுதான். அவன் அதைச் சொன்னதும் ஸபீனா ராத்தா பதுர்தீனுக்கு முன்னால் வந்தாள்.

"வேல முடிய ஒரு பிளேன்டி தாங்கண்டு எத்தின வருசமாக் கேக்கிறம். நேரம் இல்ல, நேரம் இல்லண்டுதானே சொன்னீங்க சேர்?"

வாசல் காவல் நின்ற வோச்சரின் பிளாஸ்கிலிருந்து ஒரு கிளாஸ் பால் கலக்காத சூட்டுப் பிளேன்டி வந்தது. றைஸா அதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்துவிட்டுக் கையைப் பெட்டியில் வைத்தாள். வெள்ளைத் திரையில் முதலில் ஒரு மெல்லிய கோடு வந்தது, பிறகு இன்னொன்று. பெட்டி அவளுடைய பெயரை எழுதியது. பெண்கள் போட்ட கூச்சலில் தெரு நாய் எழுந்து ஓடியது.

கொம்பனிக் குசினியில் பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றினார்கள். தேத்தண்ணி வந்து பெண்கள் கிளாஸ்களை வாங்கும்போது ஸப்ராஸ் றைஸாவின் பக்கத்தில் ஒதுங்கி நின்று, "ரெண்டு நாள் தந்தாப் போதும். வெளிச்சத்தக் கூட்டினா குளிர்ந்த கையும் பிடிபடும்," என்று முணுமுணுத்தான். அவன் மூளை அதற்குள் பாதி வேலையைச் செய்துவிட்டிருந்தது.

றைஸாவின் கண் அவனிடம் இல்லை. கிளாஸ்களைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்ற மற்றப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸபீனா ராத்தா கண்ணை மூடிக் கிளாஸைக் கன்னத்தில் வைத்திருந்தாள்.

பதுர்தீன் வந்தார். "ஸப்ராஸ், மெசின் நல்லம். ஆனா ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்து நிப்பாட்டி வெச்சிருக்க ஏலுமா? இந்தக் கொறைய எடுத்திரு. எடுத்தா சிலாபத்துக்கும் ஒண்டு சொல்லுவன். எடுக்க ஏலுமா, ஏலாதா?"

ஸப்ராஸின் நாக்கு நுனிக்கு 'ஏலும்' வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவன் சொல்லக் காத்திருந்த சொல் அது. ஏலாது என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று அவர் சொல்லலாம். பெண்களின் வேலையும் அதோடு போகலாம். அவன் றைஸாவைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலாது சேர்," என்றான். "இது ரத்தத்தப் பாக்கிற மெசின். கை சூடில்லாட்டி ஆருக்கும் பாக்க ஏலாது. கெட்டிக்காரன் வந்தாலும் ஏலாது."

பதுர்தீன் மனதுக்குள் கணக்குப் போட்டார். விரல் தேய்ந்துவிட்டது, முகம் தரமாட்டார்கள், ஆட்களை விட்டால் நண்டு உடைக்க வேறு ஆளில்லை. கடைசியில் "அப்ப ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியப் போடுங்க," என்றார். சிலாபத்தைப் பற்றிப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

அடுத்த நாள் பொழுதுசாய றைஸா வீட்டுப்படி ஏறியபோது ஸப்ராஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையை நீட்டினான்.

"கையத் தா."

"என்ன, திரும்பவும் டெஸ்ட்டா?"

"ஓம்."

கை சூடாக இருந்தது. அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு பஸ்ஸில கக்கத்துக்குள்ள வைக்கல்ல, மச்சான்," என்றாள் றைஸா. "யன்னல் கம்பியப் பிடிச்சிட்டு வெளிய பாத்துப் பாத்து வந்தன்."