எழுபத்தொன்பதாம் ஆண்டுப் பற்சில்லு

“நாலு ஆமிக்காரர் பின்னால நிண்டு தள்ள, நான் மோட்டார் சைக்கிளில ராசா மாதிரிக் குந்தியிருந்து வந்தனான். அது மட்டுமில்லை நானா. உங்கட கடையில எந்தச் சாமான் என்ர சைக்கிளுக்குப் பொருந்தும் எண்டு சொல்லித் தந்ததும் ஒரு ஆமிக் கோப்ரல்தான்.”

கனகசபாபதி இப்படிச் சொன்னது தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கொழும்புப் பஞ்சிகாவத்தையில், பதியுதீன் நானாவின் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில். அந்த நேரம் அங்கே நின்ற ஏழு பேரும் ஒரே மூச்சில் சிரித்ததில், கூரையில் கொளுவியிருந்த சைலன்சர்கள் எல்லாம் கோயில் மணி போல ஆடின. சிரிக்காதவர் பதியுதீன் ஒருவர்தான். முப்பது வருஷம் வியாபாரம் செய்தவர். பொய் சொல்கிறவனுக்கு முன்னால் சிரித்தால் அடுத்ததாக விலை குறைக்கச் சொல்லுவான் என்று அவருக்குத் தெரியும்.

“ஐயா,” என்றார், “நீங்க யாழ்ப்பாணத்து மனிசன். சென்றியில ஐடென்ரிட்டி காட்டுறதுக்கே அரை மணித்தியாலம் நிக்கிற ஆள். உங்கள ஆமி தள்ளினதாம். இனி, ஹெலிகொப்டர்ல தேத்தண்ணியும் கொண்டு வந்து தந்தாங்களா?”

“தேத்தண்ணி தந்தவங்கள். ஹெலிகொப்டரில இல்லை, கிளாசில.”

மறுபடியும் சைலன்சர்கள் ஆடின.

கனகசபாபதிக்கோ சிரிக்க நேரமில்லை. அவருடைய சைக்கிள் ஜப்பானில் செய்த உயரமான டிரெயில் மோட்டார் சைக்கிள். வயல் வரம்புகளில் ஏறி விளைச்சல் பார்ப்பதற்கென்று விவசாயத் திணைக்களம் பதினைந்து வருஷத்துக்கு முன் கொடுத்தது. அதில் அவர் ஒருமுறை ஒரு எருமையைத் தாண்டியிருக்கிறார். அவரே சொன்னதுதான், ஆனால் எருமை இதுவரை மறுக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சைக்கிளைப் பேலியகொடையில் உள்ள திணைக்கள முற்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் ஒரு கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் அவர் நாட்டை விட்டுப் போக முடியாது. ஞாயிறு இரவு லண்டனுக்கு விமானம். திங்களோடு விசா முடிகிறது. இரண்டு தரம் மறுக்கப்பட்டு மூன்றாம் தரம் கிடைத்த விசா அது. அங்கே ஜெகதீஸ்வரி மகள் வீட்டில் இருக்கிறாள். மனைவியின் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம்.

இந்தக் கிழமை பார்த்துத்தானா சைக்கிளின் கிக் சறுக்க வேண்டும்? திங்கட்கிழமை காலையில் மிதித்தார். கால் தண்ணீருக்குள் போவது போலப் போனது. எஞ்சினுக்குள் கிக் திருப்புகிற பற்சில்லின் பற்கள், அவருடைய சொந்தப் பற்களைப் போலவே, ஒன்றுவிட்டு ஒன்று கொட்டிப்போயிருந்தன.

தள்ளி ஓடினால் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சென்றி என்கிற இராணுவச் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். சோதித்து முடிந்ததும் மறுபடி ஸ்டார்ட் பண்ண, துவக்குகளுக்கு முன்னால் ஒரு தமிழன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அந்தக் காலத்துக் கொழும்பில் அதைவிட மோசமான தேகப்பயிற்சி கிடையாது. ஆகவே திங்கள் முதல் அவர் ஒவ்வொரு சென்றியையும் தாண்டி, இருநூறு கெஜம் மரியாதையாக உருட்டிக்கொண்டு போய், ஒரு சந்து பார்த்து அதற்குள் ஓடினார்.

செவ்வாய்க்கிழமை பதியுதீன் மிகச் சுலபமான வழியைச் சொல்லியிருந்தார்.

“எஞ்சினையே மாத்துங்க ஐயா. ஒண்டு ஈக்கிது, குதிரை மாதிரி.”

“எஞ்சின் நம்பர் மாறிப்போமே நானா. பதிவுப் புத்தகத்தில ஒரு நம்பர், எஞ்சினில இன்னொரு நம்பர் எண்டு சென்றியில கண்டால், நான் ஜெகதீஸ்வரியைப் பார்க்கிறது அடுத்த பிறவியிலதான்.”

எனவே பற்சில்லுத்தான் வழி. பஞ்சிகாவத்தையில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கேட்டு வந்தால் முதல் கேள்வி, “புத்தகத்தில என்ன வருஷம்?” கனகசபாபதியின் புத்தகத்தில் எண்பத்திரண்டு. பதியுதீன் எண்பத்திரண்டாம் ஆண்டுப் பற்சில்லு கொடுத்தார். பாமன்கடையில் அறை எடுத்திருந்த வீட்டின் பின்பக்கத்தில் எண்ணெய் வடித்து, மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்டில் ஏறவில்லை. துவாரம் ஒரு நூல் சின்னது. எண்பத்துமூன்று வாங்கினார், ஏறவில்லை. எண்பத்தொன்று, அதுவும் ஏறவில்லை. வீட்டுக்காரி அன்னபாக்கியம் வாசலில் வந்து நின்று சொன்னாள்:

“மூண்டு தரம் எண்ணெய் வடிச்சிட்டியள். என்ர மகளின்ர கலியாணத்துக்குக்கூட நான் இவ்வளவு எண்ணெய் வாங்கேல்லை.”

பதியுதீனோ, “சாமான்ல பிழை இல்ல, ஐயாட கையிலதான் பிழை” என்று சாதித்துவிட்டார்.

வியாழன் காலை கனகசபாபதி முற்றத்துக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். அங்கே பொறுப்பாக இருந்தவர் மூன்று ஆள் பருமன் உள்ள மனிதர். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு தன் யானைக் காலைத் தூக்கி ஒரு மிதி. கால் சறுக்கியது.

“கிக் வேலை செய்யாத வாகனம் ஓடாத வாகனம். நாளைக்குப் பன்னிரண்டு மணி. அதுக்குப் பிறகு அடுத்த மாதம்.”

திரும்பி வருகிற வழியில், களனிப் பாலத்துக்கு இந்தப் பக்கச் சென்றியில், வழக்கம் போல எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். கோப்ரல் ஒருவன், இளம்பிள்ளை, குனிந்து எஞ்சின் நம்பரை வாசித்தான். புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். நம்பர் சரிதானே, பதினைந்து வருஷமாகத் தன் பிறந்த திகதியை விட நன்றாகக் கனகசபாபதிக்குப் பாடமான நம்பராயிற்றே.

“பொதே தியென்னே பொரு, அங்கிள்,” என்றான் கோப்ரல். புத்தகத்தில் இருப்பது பொய்.

கனகசபாபதியின் உயிர் அந்த இடத்திலேயே லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டது, விசா இல்லாமல். ஆனால் கோப்ரல் சிரித்தான். அவன் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: அவனுடைய அப்பாவும் கல்கமுவப் பக்கத்தில் வயல் பார்க்கிற உத்தியோகத்தர். இதே சைக்கிள், இதே வரிசை நம்பர். பத்து வயதிலிருந்து அதைக் கழுவித் துடைத்தது அவன்தான். அந்தச் சைக்கிள்கள் எழுபத்தொன்பதில் செய்தவை. பெட்டியோடு வந்து, யாரோ பெரிய மனிதர் நாடா வெட்ட வரும் வரை மூன்று வருஷம் களஞ்சியத்தில் கிடந்தவை. பதிவு செய்த வருஷம்தான் எண்பத்திரண்டு.

“புத்தகத்தைப் பார்த்துச் சாமான் வாங்கினால் ஒன்றும் பொருந்தாது, அங்கிள். எஞ்சின் நம்பரைப் பார்த்து வாங்க வேணும். எங்கட அப்பாவும் இரண்டு தரம் ஏமாந்தவர்.”

கனகசபாபதிக்கு அந்தக் கோப்ரலைக் கட்டிப்பிடிக்க ஆசை வந்தது. கையைத் தூக்கவும் பயமாக இருந்ததால் விட்டுவிட்டார். ஒரு கிளாஸ் பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி, வந்தது. குடித்துவிட்டு, வழக்கம் போல உருட்டப் போனார். ஏன் உருட்டுகிறீர் என்று கோப்ரல் கேட்டான். காரணத்தைச் சொன்னார்.

“இங்க ஓடக் கூடாது, அங்கிள். ஓடினா மற்றச் சென்றிக்காரன் பிழையா விளங்குவான். நீங்க ஏறி இருங்க.” பிறகு பின்னால் திரும்பி ஒரு சத்தம் போட்டான்.

நாலு சோடிச் சப்பாத்துகள் ஓடி வருவது போலக் கேட்டது. கனகசபாபதி திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இலங்கை இராணுவம் அவருக்குப் பின்னால் ஓடி வந்தது, உதவி செய்ய.

இத்தனையும் கேட்ட பிறகும் பதியுதீன் அசையவில்லை. ஆனால் வியாபாரி வியாபாரிதான். அலமாரியின் அடியிலிருந்து, முஹம்மது நபி காலத்துக்குச் சற்றுப் பிந்தியதோ என்று எண்ணத்தக்க, எண்ணெய் ஊறிய ஒரு கற்றலொக் புத்தகத்தை எடுத்தார். எஞ்சின் நம்பரைக் கேட்டார். கனகசபாபதி கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தார். பதியுதீனின் விரல் ஒரு வரியில் நின்றது. அந்த நம்பர் வரைக்கும் பழைய பற்சில்லு.

“எழுபத்தொம்பது,” என்றார் மெதுவாக. “அதுல ஒண்டுதான் ஈந்திச்சி. பதினஞ்சு வருசமா ஒருத்தனும் கேக்கல்ல.”

சொல்லிக்கொண்டே மேசையைப் பார்த்தார். மேசையில், மின்விசிறிக் காற்றுக்குப் பில்லுகள் பறக்காமல், அவற்றின் மேல் ஒரு பற்சில்லு பாரமாக இருந்தது.

கடைக்கு முன்னால் நடைபாதையிலேயே மூடியைக் கழற்றினார்கள். பற்சில்லு தண்டில், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, போய் உட்கார்ந்தது. கனகசபாபதி நிலத்தில் குந்தியபடியே கண்ணைத் துடைத்தார். எண்ணெய் பட்டுவிட்டது என்றார்.

“பொருந்தினது சரி,” என்றார் பதியுதீன். “ஆனா இதை உங்களுக்குச் செல்லித் தந்தது ஆமி இல்ல. அந்த மூலைக் கடை மஜீட். என்னைக் கேவலப்படுத்த ரெண்டு பேரும் சேந்து கட்டின கதை.”

“அப்ப நாளைக்கு என்னோட வாங்கோ. கோப்ரலை நேரில கேளுங்கோ.”

முப்பது வருஷம் மோட்டார் சைக்கிள் சாமான் விற்ற பதியுதீன் ஒருநாளும் மோட்டார் சைக்கிளில் ஏறியவர் அல்ல. உடைந்து வருகிறவற்றையே பார்த்துப் பார்த்து அவருக்கு அந்த வாகனத்தில் நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் ஏழு பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

மூடிக்குப் பூசிய பசை ஓர் இரவு காய வேண்டியிருந்தது. வெள்ளி காலை எண்ணெய் விட்டு, கனகசபாபதி பிள்ளையாரை நினைத்து மிதித்தார். முதல் மிதியில் இருமல். இரண்டாம் மிதியில் ஏப்பம். மூன்றாம் மிதியில் பஞ்சிகாவத்தை முழுவதும் நீலப் புகை.

பதியுதீன் பின்னால் ஏறிக் கனகசபாபதியின் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்ட இறுக்கத்தில், காலையில் தின்ற இடியப்பம் அவருக்குத் தொண்டை வரை வந்து போனது. கொட்டாஞ்சேனையில் தன் வீட்டைத் தாண்டும்போது பதியுதீன் முகத்தை மறைத்துக்கொண்டார். பலிக்கவில்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி ஹபீலாவின் கையிலிருந்து ஒரு லுங்கிச் சாரம் நழுவித் தெருவில் விழுந்தது.

பாலத்துச் சென்றி. எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். கோப்ரலைக் காணவில்லை. வேறொருவன் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணி பத்தேமுக்கால். கனகசபாபதியின் முதுகில் வேர்வை ஓடியது. அது தன்னுடையதா பதியுதீனுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து, “நான் அப்பவே செல்லினேன்,” என்று மெல்லிய குரல் கேட்டது.

மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, கையில் பாதி கடித்த பாண் துண்டோடு கோப்ரல் வெளியே வந்தான்.

“ஆ, அங்கிள். ஹரி கியாத?” சரிவந்ததா?

கனகசபாபதி மிதித்தார். ஒரே மிதி. எஞ்சின் பிடித்தது.

கோப்ரல் பாணைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கை தட்டினான். பிறகு பதியுதீனைப் பார்த்து ஏதோ சிங்களத்தில் சொன்னான். இறங்கி நின்ற பதியுதீன் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

முற்றத்தில் அந்த மூன்று ஆள் பருமன் மனிதர் நம்பரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், காலைத் தூக்கினார். கனகசபாபதி கண்ணை மூடினார். பதியுதீன் “பிஸ்மில்லா” என்றார். விழுந்த மிதியில் பேலியகொடை மீன் சந்தையில் மீன்கள் துள்ளியிருக்கும். பற்சில்லு தாங்கியது. பதினொன்று நாற்பதுக்குக் கடிதம் கையில். கனகசபாபதி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், வாசித்தார், மறுபடி வைத்தார். பதினைந்து வருஷச் சைக்கிளின் சீற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பஸ் தரிப்பிடம் வரைக்கும் சின்னப் பிள்ளை போலக் கையை வீசிக்கொண்டு நடந்தார். இடையில் ஒரு தபால் கந்தோரைக் கண்டு லண்டனுக்கு அழைப்பு எடுத்தார். அங்கே இன்னும் காலை ஆறரைகூட ஆகவில்லை.

“வாறன்,” என்றார்.

“குடிச்சிருக்கிறியளோ?” என்றாள் ஜெகதீஸ்வரி. பிறகு அழுதாள்.

கடைக்குத் திரும்பியபோது அந்த ஏழு பேரும், மூலைக் கடை மஜீட்டும் சேர்ந்து எட்டுப் பேராகக் காத்திருந்தார்கள்.

“என்ன நானா,” என்றார் மஜீட், “ஐயா செல்லினது பொய்தானே? நாலு ஆமிக்காரர் தள்ளினதாம்.”

பதியுதீன் கதிரையில் உட்கார்ந்தார். பாரம் போன பில்லுகள் மேசை எங்கும் பறந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையால் அமுக்கினார்.

“பொய்தான்,” என்றார். “கோப்ரல்ட வாயால கேட்டேன். நாலு பேர் இல்ல. ஆறு பேர்.”