வெறும் தண்ணீர்

"என் கண்ணுக்குள்ள இருக்கிறது, நான் பார்க்கிறதையெல்லாம் அதுவும் பார்க்குமா அக்கா?"

தங்கை இப்படிக் கேட்டபோது அவளுடைய இடது கண் மங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று அக்கா பதில் சொன்னாள். அது வெறும் சமாதானத்துக்குச் சொன்ன பதில் அல்ல. அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்து, வைரஸ் எதுவும் இல்லை என்று முடிவு வந்திருந்தது. வைரஸ் இல்லையென்றால் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து. அதைக் கொடுத்தார்கள். மாதம் திரும்புவதற்குள் கண் அவிந்துபோனது.

இப்போது வலது கண்ணிலும் புகை படர்கிறதாம்.

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் துளி என்று பெயர். கண்ணுக்குள்ளிருந்து ஊசியில் எடுக்கும் நீர் ஒரு சொட்டுக்குக்கூட நிறையாது. அதைச் சிந்தாமல் கையாள அவளை விட்டால் ஆளில்லை. "துளி வந்திருக்கு, துளியைக் கூப்பிடு" என்பது அங்கே தேய்ந்துபோன ஜோக்.

பழைய முறையில் அந்தச் சொட்டை மூன்று பங்காக்கி, மூன்று வைரஸ்களைத் தனித்தனியே தேடுவார்கள். இருப்பதே கொஞ்சம், பங்கு போட்டதில் அதுவும் கைநழுவிப் போகும். பங்கே போடாமல் ஒரே டியூபில் மூன்றையும் தேடும் வழியைத் துளி வெகுநாளாகப் பழகிக்கொண்டிருந்தாள். வைரஸின் ஒரு கீற்று அகப்பட்டால் போதும். இயந்திரம் அதைச் சூடாக்கிக் குளிரவைத்து, நகலெடுத்து, நகலுக்கும் நகலெடுத்துக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். பெருகினால் திரையில் ஒரு கோடு எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு படுத்துக் கிடக்கும்.

பழகிப் பார்க்க, முன்பு "ஒன்றுமில்லை" என்று முடிவு சொல்லி உறைபெட்டியில் போட்டுவைத்திருந்த மிச்சச் சொட்டுகளை எடுத்துக்கொண்டாள். பெயர்களை மறைத்து எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தவள், கூட வேலை பார்க்கும் தோழி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். யாருடையது என்று தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும் என்பது அவள் வாதம்.

எந்தச் சோதனையானாலும் கடைசி டியூபில் வெறும் தண்ணீர் இருக்கும். அதில் யாருடைய கண்ணும் கிடையாது. அந்தக் கோடு படுத்துக் கிடந்தால்தான் மற்றக் கோடுகள் சொல்வதை நம்பலாம்.

அன்று காலை தங்கையின் வலது கண்ணில் ஊசி போட்டு நீர் எடுத்தார் டாக்டர். வழக்கம்போல் பாதியைத் தன் அறைக் குளிர்பெட்டியில் பூட்டிவிட்டு மீதியைத் துளியிடம் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மா. வைரஸ்னா ஒரு மருந்து, இல்லைன்னா வேற மருந்து. மாத்திக் கொடுத்தோம்னா இந்தக் கண்ணும் போயிடும்" என்றார்.

துளி தன் புது முறையில் டியூப்களை இயந்திரத்தில் வைத்து மூடினாள். திரையில் தங்கையின் கோடு எழுந்தது. வைரஸ்தான், மருந்து உண்டு என்று துளிக்கு மூச்சு வந்தது. அடுத்த கணம் அதன் பின்னாலேயே இன்னொரு கோடு எழுந்தது.

தண்ணீர்.

தண்ணீர் கெட்டிருக்கும் என்று நினைத்து, முத்திரை உடைக்காத புது பாட்டிலை எடுத்தாள். கையுறை மாற்றினாள், மேஜையைத் துடைத்தாள். தங்கையின் சொட்டைத் தொடவே இல்லை. எல்லா டியூபிலும் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். கோடுகள் வரிசையாக எழுந்தன, ஒன்றன் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று எழுவது போல. மறுபடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் எழுந்தன. அவள் துடைக்கத் துடைக்க அது நெருங்கி வந்தது.

முதுகில் யாரோ பார்ப்பது போலிருந்தது. திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. அவிந்துபோன இடது கண் மட்டும் திறந்திருந்தது. துளி மேஜைப் பக்கம் போனால் அதுவும் மேஜைப் பக்கம் போனது. குளிர்பெட்டிப் பக்கம் போனால் அங்கேயும் வந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்புகிறாள் என்று துளிக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். கண் அப்போதும் கூடவே வந்தது.

வாய்க்காரிக்குப் போன் போட்டாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பத்து நாளாக லீவில் இருந்தாள் அவள்.

"என்னடி, தண்ணிக்கே கண்ணுநோயா? கண்ணாடி வாங்கிப் போடு" என்று சிரித்தவள், துளியின் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "உண்மையைச் சொல்லு. முடிஞ்ச டியூப் எதையாவது அங்கேயே திறந்தியா?"

திறந்திருந்தாள். போன வாரம் பழைய மிச்சங்களில் ஒன்று, மற்றதெல்லாம் தூங்கிக் கிடக்க, விருட்டென்று எழுந்தது. மூன்று வைரஸ்களில் எது என்று பார்க்கப் பரபரத்தது. பெருகி முடிந்த டியூபை முற்றத்துக்கு அந்தப் பக்கமுள்ள அறையில்தான் திறக்க வேண்டும். அந்த அறை பூட்டியிருந்தது. சாவிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இந்த மேஜையிலேயே மூடியைத் திறந்து மூடினாள். கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் கோடிக்கணக்கான நகல்கள் கண்ணுக்குத் தெரியாத தூவானமாக மேஜையிலும் கருவிகளிலும் அவள் சட்டைக் கையிலும் முடியிலும் படிந்துவிட்டன. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. அந்த நகல்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவளே அவள்தான். அதற்குப் பிறகு இயந்திரத்தை ஓட்டியது இன்றுதான்.

"எந்த நம்பர்?" என்று வாய்க்காரி கேட்டாள். துளி சொன்னாள். வாய்க்காரி அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"நான் வர்றேன். டாக்டர்கிட்ட இருக்கிற பாதியை மேல்மாடியில இருக்கிற இன்னொரு மெஷின்ல வச்சு நானே பண்றேன். நீ படியேறக் கூடாது. என் பக்கமே வராதே."

நகல்கள் உயிருள்ளவை அல்ல, யாரையும் தொற்றாது என்று துளி நூறு பேருக்கு விளக்கியிருக்கிறாள். ஆனாலும் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு படியின் கீழே நின்றாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தபோது மேல்படியில் வாய்க்காரி தெரிந்தாள்.

"தண்ணி படுத்துக் கிடக்கு. உன் தங்கச்சிது எழுந்துடுச்சு. வைரஸ்தான். டாக்டர் ஊசி எடுத்துட்டார், இந்தக் கண்ணு பிழைச்சுக்கும்ங்கிறார்." ஒரு படி இறங்கி நின்றாள். "நீ திறந்த அந்தப் பழைய நம்பரும் அவளோடதுதான்டி. இடது கண்ணு."

கண் அவிந்தும் அதற்குள் இருந்தது அவியவில்லை. இந்த ஒரு வாரமும் துளி சாப்பிட்டபோதும் தலை வாரியபோதும், தங்கையின் பக்கத்தில் படுத்துத் தூங்கியபோதும் கூடவே இருந்திருக்கிறது.

பெஞ்சருகில் போய், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொன்னாள். "வைரஸ்தான். இப்பவே ஊசி. கண்ணு தப்பிச்சுடும்மா."

தங்கை தலையாட்டினாள். பிறகு விரலால் இடது இமையைத் தொட்டாள். "இதுல?"

"அதுலயும் அதேதான் இருந்திருக்கு. எங்க பழைய சோதனையில அகப்படலை."

தங்கை முகத்தை நிமிர்த்தினாள். திறந்திருந்த கண் அக்காவின் முகத்தில் நிற்கவில்லை. மெல்ல நகர்ந்து, அவள் சட்டைக் கையில் போய் நின்றது. நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். துளி தன்னையறியாமல் கையை நீட்டினாள். தங்கை அந்தக் கையைப் பிடிக்காமல் சுவரைத் தடவி எழுந்து உள்ளே போனாள்.