வரதன் சாவுக்கு யார் வருவார்கள்

“வரதன் செத்ததும் ஆட்டம் நிக்கணும் சார். சாவுக்கு ஆளுங்க வந்து, எடுத்து முடிக்கிற வரைக்கும் ஆடறவன் அந்த எடத்த வுட்டு நகரக் கூடாது.”

கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்த ஒன்றைத் தமிழ்ச்செல்வி கேட்டுவிட்டாள். கோவளத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்துவந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில் அவள் கதை எழுதுகிறவள். ஆடுகிறவன் கையைக் கட்டிப் போடாதே என்பதுதான் அங்கே முதல் சட்டம்.

கம்பெனியை நடத்தும் பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது.

“ஏம்மா தமிழ், அழகா முடிச்சிருக்கோமே. காட்டிக் குடுத்தவன், கடைசியில ஹீரோவுக்காகப் பாலத்துல தனியா நின்னு உயிரையே குடுக்கறான். பாவம் தீர்ந்துடுச்சு. இன்னும் என்ன?”

வரதன் அந்த ஆட்டத்தில் ஹீரோவுடன் கடைசிவரை வரும் கூட்டாளி, படகோட்டி. ஒரு காலத்தில் எதிரிப் படைக்குக் கழிமுகத்தில் வழிகாட்டி, தன் ஊரையே எரியவிட்டவன். அவன் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் எழுதியது.

“நேத்து ஆடிப் பாக்க வந்தாரே அபிஷேக், இன்னா பண்ணாரு? வரதன் வுழுந்த உடனே அவன் இடுப்புல இருந்த கத்திய உருவிக்கினு அடுத்த வேலைக்கு ஓடிட்டாரு. பொணம் அங்கியே கெடக்குது. ஒரு துணி போத்த நாதியில்ல.”

ஆட்டத்துக்குப் புரோகிராம் எழுதும் சஹானா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். “நல்ல கத்திடி அது. நானா இருந்தாலும் எடுப்பேன்.”

“எடுத்துக்கோ. செத்தவன் செருப்பையும் சேத்து எடுத்துக்கோ.” தமிழ்ச்செல்வி மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். “சாவறத அவன் முடிவு பண்ணான் சார். மன்னிப்பும் அவனே குடுத்துக்க முடியுமா? அதுக்கு ஊரு வரணும்.”

“எந்த ஊர்ல இப்படி?”

“எங்க ஊர்ல.”

சொல்லும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி அவர்கள் ஊர். அவள் அப்பா முனிசாமிக்கு ஏரி உள்வாயில், கரைக்கு உள்பக்கம், கொஞ்சம் நிலம். ஒரு பெருமழையில் அது முழுகிவிடுமென்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் மதகைத் திறந்துவிட்டார். ஏரிக்குக் கீழே கதிர் வந்து நின்ற நெல்லெல்லாம் படுத்துவிட்டது. அதிகம் இழந்தவர் சின்னையன். அன்றோடு ஊரார் முனிசாமி வீட்டுப் படியை மிதிப்பதில்லை. நல்லதுக்கும் சொல்வதில்லை, கெட்டதுக்கும் சொல்வதில்லை. அவர் மட்டும் எல்லார் சாவுக்கும் போனார். கூப்பிடாமலே போய், பந்தலுக்கு மூங்கில் தூக்கிவிட்டு, யாரும் நீட்டாத டீயைக் குடிக்காமலே திரும்பினார். சின்னையன் பெண்சாதி செத்தபோது பந்தலுக்குள் விடவில்லை, தெருமுனையிலேயே நின்றார். வருஷக்கணக்கில் இப்படி.

அவரே செத்த காலையில் வாசலில் வாடகை நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. மேளக்காரர்கள் காலி வாசலைப் பார்த்து அடிக்கத் தயங்கினார்கள்.

“அப்போ சின்னையன்தான் மாலையோட வந்தாரு. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. ‘நா எயவுக்கு வந்தேம்மா, சமாதானத்துக்கு வரல. அவன் எங்க வூட்டு எயவு ஒண்ணு வுட்டதில்ல, நா வராம இருந்தா நல்லாவா கீது’ன்னாரு. அப்பறம்தான் தெரு வந்துச்சு.”

சஹானா இப்போது சிரிக்கவில்லை. பார்த்தசாரதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“சரி, காட்சிய வை. ஆனா தாண்டிப் போக ஒரு பட்டன் இருக்கணும். வேண்டாம்ங்கிறவனை உக்கார வெக்க முடியாது.”

மறுக்க வாயெடுத்தவள் நிறுத்தினாள். அன்றைக்கு எல்லாருமா வந்தார்கள்? கீழத்தெரு வரவில்லை. சொந்தச் சித்தப்பா பன்னீர்செல்வம், செங்கல்பட்டில் இருந்துகொண்டே வரவில்லை. யாரும் அவரைக் கட்டி இழுத்து வரவுமில்லை. ஆனால் அவர் வராதது இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.

“வையுங்க,” என்றாள். “ஆனா தாண்டிப் போனவன் வரலன்றது ஆட்டத்துக்குத் தெரியணும். அடுத்த ஊர்ல வரதனுக்கு வேண்டப்பட்டவங்க அப்படிப் போனவனுக்குத் தண்ணி குடுப்பாங்க, மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. இன்னொண்ணு. வழியில வரதன நாலு பேருக்கு நல்லது பண்ண வுட்டிருந்தாதான் அந்த நாலு பேரு சாவுக்கு வருவாங்க. வெறும் சண்டைக்கு இட்டுக்கினு சுத்தினா, காலி வாசல்தான்.”

“சுலபம்,” என்றாள் சஹானா. “வழியில பண்றதெல்லாம் ஏற்கெனவே பதிவாகுது. சும்மாதான் கெடக்கு.”

“ஆடறவனுக்குத் தண்டனை மாதிரி இல்ல?” என்றார் அவர்.

“தண்டனை இல்ல சார். அவன் வரல. அவ்ளோதான்.”

பார்த்தசாரதி நெற்றியைத் தேய்த்தார். “முதல் போட்டவங்ககிட்ட கேக்கணும். அவங்களுக்குப் பாலமும் வெடியும் பாட்டும்தான் பிடிச்சிருக்கு. முடியாதுன்னுட்டா?”

“அப்ப வரதன சாவடிக்காதீங்க. உசுரோட ஊருக்கு அனுப்புங்க, போய்த் திட்டு வாங்கட்டும். ரெண்டும் ஆவாதுன்னா வேற ஆள வெச்சு எழுதிக்கோங்க.”

“மிரட்டறியா?”

“முன்கூட்டியே சொல்லி வெக்கறேன்.”

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்தது. “நாளைக்கு அவங்களோட பேசும்போது நீயும் பக்கத்துல இரு. இவ்ளோ திமிரா எனக்குச் சொல்ல வராது.”

“இருக்கேன்,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் நாளைக்குச் சரி என்றாலும், மாட்டேன் என்றாலும், இந்தச் சாவை அவள் எழுதத்தான் போகிறாள். இங்கே இல்லையென்றால் வேறு பேரில், வேறு இடத்தில். முதலில் வருகிறவள் வரதனால் வீடு எரிந்துபோனவள். அழமாட்டாள், ஒன்றும் சொல்லவும் மாட்டாள். அவன் முகத்தில் வந்து உட்காரும் ஈயை மட்டும் விரட்டிக்கொண்டிருப்பாள். தமிழ்ச்செல்வி படியிறங்கி, வெளிக்கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தாள்.