சக்கரத்துக்குக் கட்டை

கிழக்கு வெளுக்கும் நேரத்தில், சிமெண்டு மூட்டைகளோடு லாரி கிடங்கு மேட்டில் முக்கி முனகி ஏறியது. கிளட்சை மிதித்து மிதித்து டிரைவருக்கு இடது முழங்கால் மரத்துவிட்டது. டீசல் வாடை நாக்கு வரை கசந்தது.

“அந்தப் பக்கம் இடம் இருக்காண்ணே?” காலி சீட்டைப் பார்த்துக் கேட்டார்.

“வரட்டும், வரட்டும்” என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

மூன்று மாதமாக இப்படித்தான். அந்தச் சீட்டில் பத்தொன்பது வருஷம் கிளீனர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இரும்புக் கம்பியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பவே இன்னொரு ஆள் வேண்டும். பிறகு சாவி வந்தது, லேசான ஸ்டியரிங் வந்தது, கடைசியாகப் பின்பக்கம் பார்க்கக் கேமரா வந்தது. “இனிமே ரெண்டாவது ஆள் எதுக்கு?” என்று முதலாளி கிளீனர்களை இறக்கிவிட்டார். கேமரா எல்லாம் பார்க்கும். பேசத்தான் பேசாது.

மேட்டில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது கிளீனர் வேலை. போன வாரம் பாட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு டிரைவர், கட்டை இருக்கும் என்ற பழக்கத்தில் இறங்கிப் பின்னால் போனார். பிரேக் பிடி விட்டது. லாரி உருண்டு, அவர் காலைச் சுவரோடு நசுக்கியது.

மேட்டில் லாரியை நிறுத்திவிட்டு ஆபீசுக்குள் வந்தவரிடம் முதலாளி காகிதத்தை நீட்டினார்.

“நீதானே பக்கத்துல நின்னே? அவன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு.”

“போட்டா அவர் கதி?”

“வைத்தியம் அவன் பாடு. வேலையும் கிடையாது. கட்டையை மறந்தது நானா?”

டிரைவர் பேனாவை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, மேட்டில் அவருடைய லாரி. சக்கரத்தடியில் கட்டை இல்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

“ஐயா, நானும் மறந்துட்டேன்.”

“எதை?”

“கட்டையை. அதோ பாருங்க. அண்ணன் இல்லைங்கிறது புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல. அது பாட்டுக்கு இறங்கிடுச்சு.”

வாசலில் கூடியிருந்த மற்ற டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஓட்டுகிறபோதுகூட அவர் இத்தனை தனியாக இருந்ததில்லை.

வாசலில் நின்ற வழுக்கைத்தலை டிரைவர் செருமினார். “நான் முந்தாநாள் மறந்தேன்.”

“நான் மூணு தடவை. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார் பின்னால் நின்ற இன்னொருவர்.

“நீ பொண்டாட்டி பேரையே மறக்கிறவனாச்சே!”

சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது.

“ரெண்டாவது ஆள் ஏறாம இனி வண்டி நகராது. பாட்டுக்காரர் வைத்தியமும் உங்க பொறுப்பு” என்றார் வழுக்கைத்தலை.

“ஒரு போன் போட்டா பத்து டிரைவர் வருவான்!”

“வரட்டும். அவனுக்கும் கால் ரெண்டுதான். கேட்டுல நின்னு அவன்கிட்டயும் இதையே சொல்லுவோம்.”

முதலாளி போனை எடுத்தார். டிரைவர் கையெழுத்துப் போடாத காகிதத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டு, கட்டை வைக்க இளவெயிலில் இறங்கினார். அதற்குள் வழுக்கைத்தலை முந்திக்கொண்டு ஓடி, சக்கரத்தடியில் மண்டியிட்டிருந்தார். உள்ளே முதலாளி யாரையோ அதட்டிக் கூப்பிடுவது கேட்டது.

அதையும் மீறி மேட்டிலிருந்து குரல் வந்தது.

“கட்டை வச்சாச்சுண்ணே!”

“சரிப்பா” என்றார் டிரைவர். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, பதிலை மட்டும்.