கறிக்கூடத்துக்கு அண்ணனின் ஆட்சேபம்

அப்பா போகும்போது கடைத்தெருவில் ஒட்டினாற்போல் இருந்த இரண்டு கட்டடங்களை விட்டுப் போனார். ஒன்று மகனுக்கு, மற்றது மகளுக்கு. மகன் தன் பங்கில் இறுதிச்சடங்கு நிலையம் வைத்தார். செத்தவரைக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, சொந்தக்காரர்கள் அழுவதற்குத் தோதாக முன்கூடத்தில் கிடத்துவதுதான் தொழில். தெருவில் அவரைப் பெரியவர் என்பார்கள். மெதுவாகத்தான் பேசுவார். கடையில் சில்லறை கேட்டால்கூடத் துக்கம் விசாரிப்பதுபோல் இருக்கும்.

தங்கையைச் சின்னவள் என்றார்கள். மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தாள். அவள் குரல் மார்க்கெட்டின் அந்தக் கோடி வரை கேட்கும். வெறுமனே வெட்டி விற்று அலுத்துப்போய், கறியை அரைத்து, மசாலா சேர்த்து, குடலில் அடைத்து முடிச்சுப் போட்டு சாசேஜ் செய்து, பாக்கெட் போட்டு ஓட்டல்களுக்கு அனுப்ப ஆசைப்பட்டாள். அவள் பங்குக்கு வந்த கட்டடம் சும்மாதானே கிடந்தது. அதில் குளிரறை கட்டினாள், அரவை இயந்திரம் இறக்கினாள். அதற்கு அப்புறம்தான் அனுமதி கேட்டு நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

அந்தத் தெரு வணிக மண்டலம் என்றார் அதிகாரி. அங்கே கறி விற்கலாம், பதப்படுத்தக் கூடாது. வெட்டினால் விற்பனை, அரைத்தால் தொழிற்சாலை. உப்புப் போட்டால் என்ன கணக்கு என்று சின்னவள் கேட்டாள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். ருசிக்குப் போட்டால் சமையல், கெடாமல் இருக்கப் போட்டால் பதப்படுத்தல். சிறப்பு அனுமதி தரக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்காமல் இருந்தால் நல்லது.

ஆட்சேபித்தது ஒரே ஒருவர்தான். பெரியவர்.

சின்னவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணிதான் அந்த நிலையத்தில் செத்தவர்களுக்கு முகம் திருத்துகிறவள்.

“தப்பா எடுத்துக்காதம்மா,” என்றார் பெரியவர். “என் வாசல்ல ஒருத்தர் அப்பாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிறார். பக்கத்து வாசல்ல லாரியிலருந்து உரிச்ச மாடு இறங்குது. அவர் என்ன நினைப்பார்?”

“என்ன நினைப்பார்?”

“நீ எதை அரைக்கிறேன்னு நினைப்பார்.”

அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் வருவதும் வண்டியில்தான் வருகிறது, குளிரில்தான் இருக்கிறது, அவருக்கு மட்டும் அது சேவையா என்று கத்தினாள்.

“என்கிட்ட வந்தவங்க யாரும் வெளியில போய் ‘நல்லா கவனிச்சாங்க’ன்னு சொன்னதில்லம்மா,” என்றார் அவர். “என் பொழைப்பு முழுக்க சொந்தக்காரங்க மனசுலதான் இருக்கு.”

சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் அவள் கிளம்பிவிட்டாள். அவர் ஆட்சேபித்ததைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதுதான் அவளுக்கு வலித்தது. அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் கடைகளின் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனார்கள்.

அதிகாரி இடத்தைப் பார்வையிட வரும் நாளில் சின்னவள் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு முன்வாசலில் நின்றாள். அவரோ சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால்தான் உண்மை தெரியும் என்று நம்புகிறவர். பின்சந்து வழியாக வந்தார். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிற இரும்புக் கதவுகள். எதிலும் போர்டு இல்லை. தள்ளியதும் திறந்த கதவுக்குள் நுழைந்துவிட்டார்.

அது பெரியவரின் கதவு. எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர் பூட்டாமல் டீ குடிக்கப் போயிருந்தார்.

உள்ளே வெள்ளை டைல்ஸ் பளபளத்தது. எவர்சில்வர் மேசை, தண்ணீர் வடிய ஓட்டை, நல்ல குளிர். அதிகாரிக்குப் பரம திருப்தி. கறி எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று மேசைமேல் கிடந்த துணியை விலக்கினார். டை கட்டிய ஒரு மனிதர், ஒரு கன்னத்தில் மட்டும் ரோஸ் பவுடரோடு, கண்மூடிக் கிடந்தார்.

அப்போது பிரஷ்ஷும் கையுமாக உள்ளறையிலிருந்து வந்த அண்ணி, “நீங்க யார் சார், சொந்தக்காரரா?” என்று பரிவாகக் கேட்டாள்.

அதிகாரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அண்ணி கூப்பிட்ட சத்தம் கேட்டுச் சின்னவள் ஓடிவந்தாள். அவள் ஏப்ரனைப் பார்த்ததும் அவர் மேசையைக் காட்டினார்.

“இதையாம்மா அரைக்கப் போறீங்க?”

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துத் திரும்பினால் வாசலில் பெரியவர், கையில் டீ கிளாஸோடு நின்றார். முகம் மேசைமேல் கிடந்தவரைவிட வெளுத்திருந்தது. பூட்டாத கதவு மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் உரிமம் போய்விடும். அவர் தங்கையைப் பார்த்தார்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அப்படி ஒரு ஆசை அவளுக்கு வராமலும் இல்லை. ஆனால் அண்ணனை அந்தக் கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை. அதிகாரியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“வழி தப்பி வந்துட்டீங்க சார். என் கதவு பக்கத்துல இருக்கு. அங்க இன்னும் எதுவுமே இல்ல, பயப்படாம வாங்க.”

அடுத்தவர் பிணவறைக்குள் கேட்காமல் நுழைந்ததை வெளியில் சொல்ல அதிகாரிக்கும் விருப்பமில்லை. குளிரறையின் கதவை அவள் திறந்து, உள்ளே போய் நின்று காட்டிய பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

குழு கூடிய அன்று தலைவர் ஆட்சேபம் பற்றிக் கேட்டார். பெரியவர் எழுந்து, வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். காரணம் கேட்டார்கள்.

“பக்கத்துல யார் இருந்தா நல்லதுன்னு யோசிச்சேன்,” என்றார். “என் தங்கச்சியே இருக்கட்டும்.”

சின்னவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைகள் திறக்குமுன் லாரி வந்து போய்விட வேண்டும், வாசலில் மாட்டுப் படம் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பின்கதவுகள் இரண்டிலும் பெரிய எழுத்தில் போர்டு மாட்ட வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அதிகாரி. ஏன் என்று தலைவர் கேட்டதற்கு, பொதுநலம் என்று மட்டும் சொன்னார்.

தொழில் சூடுபிடித்ததும் அண்ணி சின்னவளின் கறிக்கூடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டாள். “அங்க பார்க்கிறவங்கல்லாம் அழறாங்க. இங்க வெங்காயம் உரிச்சாத்தான் அழுகை,” என்றாள். செத்தவர்களுக்கு டை கட்டிப் பழகிய விரல்கள். சாசேஜுக்கு அவள் போடும் முடிச்சு அவ்வளவு அழகு.

முகம் திருத்தும் வேலை பெரியவர் தலையில் விழுந்தது. முதலில் வந்தவர் ஒரு வக்கீல். பெரியவர் கை தாராளம். ரோஸ் பவுடரை இரண்டு கன்னத்திலும் அள்ளி அப்பிவிட்டார். விதவை பெட்டியருகே வந்து வெகுநேரம் பார்த்தாள். பெரியவர் திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

“இந்த மனுஷன் வெட்கப்பட்டு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்,” என்றாள் அவள்.