எங்களில் ஒருவரும் வாங்குவதில்லை

வந்திருந்தவர்கள்: வெங்கடகிருஷ்ணன், தமிழ்ச் சங்கச் செயலாளர். அவர் மனைவி ஷ்யாமளா. டாக்டர் ஆனந்தராஜா, பொருளாளர். உறுப்பினர்கள் பதினொரு பேர், குடும்பத்துடன். சிறப்பு அழைப்பு, கிட்டுசாமி.

1996 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஊரில் வெங்கடகிருஷ்ணன் வீட்டில் நடந்த கூட்டத்தின் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. கிட்டுசாமி நான்தான். சிறப்பு அழைப்பு என்றால் சந்தா கட்டாதவன் என்று அர்த்தம். காலை ஒன்பது மணியிலிருந்து அந்த வீட்டுச் சமையலறையில் நின்று வடை சுட்ட பவளம் ஆன்ட்டியின் பெயர் குறிப்பில் இல்லை. கூட்டம் என்னவோ அவரைப் பற்றித்தான். அது அங்கே யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

நான் காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டவன். கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலை. காவல் அறையில் ஒரு சின்ன டிவி உண்டு. பகலில் வாஷிங்டனில் நடந்த விவாதங்களை ராத்திரி மறுபடி போடுவார்கள். மற்ற காவலாளிகள் பழைய குத்துச்சண்டை பார்ப்பார்கள். நான் இதைப் பார்ப்பேன். அந்த ஜூலை முழுக்க ஒரே மசோதாதான். ஏழைகளுக்கான உதவியைச் சீர்திருத்துகிறார்களாம். அதற்குள் ஒரு பகுதி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு உதவியை நிறுத்துவது. கள்ளத்தனமாக வந்தவர்களுக்கு அல்ல, அவர்களுக்கு எப்போதுமே கிடையாது. முறையாக கிரீன் கார்டு வாங்கி வந்த கிழவர்களுக்கும் கை கால் விளங்காதவர்களுக்கும். மொத்தத்தில் மிச்சம் பிடிக்கப்போகும் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு இவர்கள் தலையில்தான். ஏன் என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. இவர்களுக்கு ஓட்டு இல்லை. அவ்வளவுதான் அதிலுள்ள பொருளாதாரம்.

குடியரசுக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்தார்கள், சரி. நான் ஓட்டுப் போட்ட கட்சியில் பாதிப் பேரும் கைதூக்கினார்கள். நவம்பரில் தேர்தல். இரண்டு சபையும் நிறைவேற்றியாகிவிட்டது. இனி இரண்டையும் ஒன்றாக்கி ஜனாதிபதி மேசைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. முன்பு இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர். இந்தத் தடவை அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அதே நவம்பர்தான்.

பவளம் ஆன்ட்டிக்கு அறுபத்தொன்பது வயது. யாழ்ப்பாணம். எட்டு வருடத்துக்கு முன் மகன் சேந்தன் கூப்பிட்டு கிரீன் கார்டில் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக சேந்தன் டெக்சஸில் ரவுண்ட் ராக்குக்குப் போனபோது ஆன்ட்டியும் போனார். ஆறு வாரத்தில் திரும்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. மவ்ரி அவென்யூக்குப் பின்னால் முதியோர் குடியிருப்பில் ஓர் அறை. வயதான ஏழைகளுக்கு அரசு அனுப்பும் எஸ்.எஸ்.ஐ. செக்கில்தான் அந்த அறை ஓடுகிறது. செக் நின்றால் அறை இல்லை. அவருக்கு வரும் அரசுக் கடிதங்களைப் படித்துச் சொல்பவன் நான். சங்கத்தில் எல்லாரிடமும் அவர் சொல்லியிருப்பது வேறு: மகன் மாதா மாதம் பணம் அனுப்புகிறான்.

கூட்டத்தில் வெங்கடகிருஷ்ணன் கடிதத்தை வாசித்தார். எங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினருக்கு. குடும்ப விசாக்களையும் வேலை விசாக்களையும் குறைக்காமல் விட்டதற்கு நன்றி. உதவி நிறுத்தத்தை நாங்கள் மனமார ஆதரிக்கிறோம். நாங்கள் உழைத்து வரி கட்டுபவர்கள். அரசு உதவி எங்களில் ஒருவரும் வாங்குவதில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த டிவியில் ஒலிம்பிக் ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இதை எதுக்கு எழுதணும்?" என்றேன்.

"இப்படி எழுதினாத்தான்யா நாளைக்கு நம்ம விசால கை வைக்கமாட்டான். ஸ்ட்ராட்டஜி."

"அடுத்தவன் கழுத்தைக் காட்டிக் குடுக்கறது ஸ்ட்ராட்டஜியா?"

"ஆரம்பிச்சுட்டான். கிட்டு, நீ நைட்டெல்லாம் டிவி பாத்துக் கெட்டுப் போயிட்ட. நாம லீகல். இது நமக்கு வராது."

"இது லீகலா வந்தவங்களுக்குத்தான் சார் வருது. மசோதாவைப் படிச்சீங்களா?"

"சம்மரி படிச்சேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம ஸ்டேட்ல 187-ம் நம்பர் ஓட்டெடுப்பு வந்தப்பவும் சம்மரிதான் படிச்சீங்க. பேப்பர் இல்லாத பிள்ளைங்களை ஸ்கூல்ல சேக்காதேன்னாங்க. இந்த ஹால்ல ஓட்டு இருக்கற முக்கால்வாசிப் பேர் எஸ் போட்டீங்க. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு கடைக்காரன் உங்க மாமனார்கிட்ட கார்டு காட்டுன்னான். அப்ப மட்டும் கோபம் வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். ஷ்யாமளா சிரிக்கவில்லை. அது அவர் அப்பா.

டாக்டர் ஆனந்தராஜா கையை உயர்த்தினார். "தம்பி, உம்மடை கோபம் விளங்குது. ஆனா சும்மா இருந்து காசு வாங்கிற ஆக்களை நானும் கிளினிக்கிலை பாக்கிறனான்."

"அவங்கள்ல எத்தனை பேர் தமிழங்க டாக்டர்?"

"எங்கடை ஆக்களா? ஒருத்தரும் இல்லை."

இதற்குள் கையெழுத்துத் தாள் அட்டையில் மாட்டப்பட்டு வீட்டைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. வெங்கடகிருஷ்ணன் எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பவளம் ஆன்ட்டியைப் பாருங்க! அட்ரஸ் போடற எடத்துல 'கத்தரிக்காய்ப் பால்கறி, அம்பது பேருக்கு'ன்னு போட்ருக்காங்க!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உடனே புரிந்தது. இந்தச் சங்கத்தில் அட்டையில் மாட்டி வரும் தாள் என்றால் ஒரே தாள்தான். பொங்கல், தீபாவளி, பிக்னிக், எதுவானாலும் யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்ற பட்டியல். எட்டு வருடமாக அந்தத் தாளில் அவர் பெயர் இல்லாமல் போனதே இல்லை. ஆங்கிலத்தில் மேலே என்ன இருந்தால் என்ன, அட்டை வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பரவால்ல, ஒயிட்னர் போட்டுக்கலாம்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "கிட்டு, அவங்க அட்ரஸ் உனக்குத் தெரியுமில்ல? சொல்லு."

"எதுல கையெழுத்துப் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது சார். அடிச்சுடுங்க."

"ஒரு சிக்னேச்சர்தானே. அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

நான் வாயை மூடியிருக்கலாம். தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

"அவங்க எஸ்.எஸ்.ஐ.லதான் சார் சாப்பிடறாங்க. இந்த லெட்டர் அவங்களைத்தான் வெட்டுது. நீங்க தின்ன வடையைச் சுட்டவங்களை."

சிரிப்பு நின்றது. எல்லாருடைய கண்ணும் எனக்குப் பின்னால் போயிற்று. திரும்பினேன். ஆன்ட்டி சமையலறை வாசலில் வடைத் தட்டோடு நின்றார்.

டாக்டர்தான் முதலில் பேசினார். "என்னக்கா? சேந்தன் காசு அனுப்புறேல்லையே?"

"அனுப்புறான், அனுப்புறான்" என்றார் ஆன்ட்டி. தட்டை மேசையில் வைத்தார். "என்ன கடிதம் அது? ஒருத்தர் வாசிச்சுச் சொல்லுங்கோ."

ஒருத்தரும் வாசிக்கவில்லை. ஷ்யாமளா கணவனைப் பார்த்து, "அந்த பாராவை எடுத்துடுங்களேன்" என்றார்.

"மெயின் பாயிண்டே அதுதான் ஷ்யாமி. வேணும்னா 'ஒருவரும்'கறதை 'அநேகமாக ஒருவரும்'னு மாத்திடலாம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகவே நினைத்தார். மசோதாவைப் போட்டவர்களையாவது ஒரு வகையில் மன்னிக்கலாம், அவர்கள் பவளம் ஆன்ட்டியின் கையால் சாப்பிட்டதில்லை.

நானே கடிதத்தைத் தமிழில் சொன்னேன். கடைசி வரி வரை. ஆன்ட்டி கேட்டார். பிறகு அட்டையை வாங்கி, பேனாவும் கேட்டு வாங்கி, தன் பெயரை மூன்று தடவை அடித்தார். பால்கறியையும் அடித்தார்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் வெங்கடகிருஷ்ணன். "அப்படி ஏதாவது ஆச்சுன்னா நாங்கல்லாம் இருக்கோம். மாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு..."

"போட்டால், நான் எந்த வீட்டிலை எந்த நாள் சமைக்கவேணும் எண்டும் நீங்கள்தானே சொல்லுவியள்" என்றார் ஆன்ட்டி. தன் பையை எடுத்துக்கொண்டார். "தம்பி, காரை எடு."

கடிதம் அன்று மாலையே ஃபேக்ஸில் போனது. ஒரு கையெழுத்துக் குறைவு. 'அநேகமாக' சேர்க்கவில்லை என்று பிறகு ஷ்யாமளா சொன்னார். இங்கிலீஷில் நன்றாக வரவில்லையாம்.

காரில் மவ்ரி அவென்யூ திரும்பும் வரை நான்தான் பேசினேன். சட்டம் வந்தாலும் உடனே நிறுத்தமாட்டார்கள், ஒரு வருடம் வரை ஆகலாம். அதற்குள் குடியுரிமை வாங்கிவிட்டால் ஒருவனும் தொடமுடியாது. எட்டு வருடம் ஆகிவிட்டது, விண்ணப்பிக்கலாம். பரீட்சையில் கொஞ்சம் இங்கிலீஷ் எழுதவேண்டும், இந்த நாட்டைப் பற்றி நூறு கேள்வி இருக்கிறது, நான் சொல்லித் தருகிறேன். பிறகு அந்தக் கூட்டத்தை வரிசையாகத் திட்டினேன்.

"நிப்பாட்டு" என்றார்.

காரையா, பேச்சையா என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்தினேன். குடியிருப்பு வாசல் வந்திருந்தது.

"அவையள் சொன்னது பிழை. சரி. நீ செய்தது என்ன? அந்தக் கதையை உன்னட்டை மட்டும்தானே சொன்னனான். என்ரை மகன் பாக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டுதான் அந்த வீடுகளுக்குப் போய் வந்தனான். இனி எந்த முகத்தோடை போறது?"

"அவங்க பொய் எழுதினாங்க ஆன்ட்டி."

"நானும் பொய்தான் சொன்னனான். என்ரை பொய்யாலை ஆருடைய செக்கும் நிக்கேல்லை."

நான் சொன்னது எல்லாம் சரி. இன்றைக்கும் ஒரு வார்த்தையை மாற்றமாட்டேன். ஆனால் ஒரு வாதத்தில் ஜெயிக்க எனக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது, அவரைத் தூக்கி நடு ஹாலில் போட்டேன். மேடையில் ஏழைகளைப் பற்றிப் பேசும் என் கட்சிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

அவர் பின்னாலேயே மாடி ஏறிப்போனேன். பையிலிருந்து சாவியை எடுத்து அறைக் கதவைத் திறந்தார். உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

"அந்த ஃபார்ம் எங்கை எடுக்கிறது?"

"நாளைக்கு நானே கொண்டு வரேன் ஆன்ட்டி."

"தபாலிலை போடு. நூறு கேள்வியையும் சேர்த்துப் போடு. நீ வராதை."

கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டு ஒருமுறை திரும்பியது. அதற்கு மேல் சங்கிலியையும் மாட்டினார்.