மெஸ்யான் வீட்டுக் கூரை இறங்கிய வருடங்கள்

"அப்பா, கூரை எதுக்கு நம்மளப் பார்க்க இறங்கி வருது?" என்று தவுஸ் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கூரை அதற்குள் நான்கு விரல்கடை இறங்கியிருந்தது. அவளுடைய அப்பா மெஸ்யான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். புதுக் கான்கிரீட், அப்படித்தான் தோன்றும், சாப்பிடு என்றார். அலமாரியின் மேலிருந்த கூஸ்கூஸ் அவிக்கும் பானையை அந்த வாரம்தான் அவர் மனைவி மல்ஹா எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் அது இப்போது நுழைவதில்லை.

மெஸ்யான் கடல் தாண்டி மார்செய் துறைமுகத்தில் இருபது வருடத்துக்கு மேல் மூட்டை இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்த காலத்தில், இன்னொருவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கி, விடிந்ததும் அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, தனக்கென்று ஒரு வீடு கட்டினால் அது யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாத வீடாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். கெட்ட தீர்மானம் என்று சொல்ல முடியாது. பூர்வீகக் கல்வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, ஜுர்ஜுரா மலையைப் பார்த்த சரிவில் நிலத்தைச் சமன் செய்தார். வீடு கட்டுகிறவர்களுக்கு வருவதெல்லாம் அவருக்கும் வந்தது. அஸ்திவாரக் குழியில் ஊற்று கிளம்பியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு எல்லாரும் இரண்டு மடங்கு கம்பி போட்ட காலமாகையால் கம்பி கிடைக்கவில்லை. கம்பி வந்தபோது சிமென்ட் இல்லை. கொத்தனார் சுவரை இடுப்பளவு எழுப்பிவிட்டு, மாமன் இறந்துவிட்டார் என்று புறப்பட்டுப் போய், கோடை முடிந்தபின் பக்கத்து ஊரில் வேறொருவர் சுவர்மேல் காணப்பட்டார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் நடப்பதுதான் இது.

ஆனால் கூரை போடும் நாள் ஊருக்குச் சொந்தமானது. திவிசி என்று அதற்குப் பெயர். ஆண்கள் ஏணிவரை வரிசையாக நின்று கான்கிரீட் வாளியைக் கைக்குக் கை ஏற்றுவார்கள், பெண்கள் கறியோடு கோதுமை ரவைக் கூஸ்கூஸ் அவிப்பார்கள், கடைசி வாளியை ஊற்றும்போது எல்லாரும் சேர்ந்து பிஸ்மில்லாஹ் சொல்வார்கள். கூலி கிடையாது. இன்று ஒருவர் கூரை, அடுத்த மாதம் இன்னொருவர் கூரை. மெஸ்யான் யாரையும் அழைக்கவில்லை. நகரத்திலிருந்து குழாய் வைத்த லாரி ஒன்றை வரவழைத்தார். ஊர்ச்சபைத் தலைவர் லூனிஸ் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"என்னப்பா மெஸ்யான், ஊர்ல எல்லாருக்கும் கை முறிஞ்சு போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம். காசு குடுத்தாச்சு, மிஷினே போட்டுட்டுப் போயிரும்."

"சிரமமாடா அது? கறி போச்சேன்னு வயிறு எரியுது எனக்கு!"

இருவரும் சிரித்தார்கள். மெஸ்யான் கதவைத் தாழிட்டார். மதியத்துக்குள் கூரை முடிந்துவிட்டது. அந்தக் கூரையின் மேல் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கான்கிரீட் இறுகக் காத்திருந்து, கூரையைத் தாங்கிய இரும்பு முட்டுகளில் முதலாவதைக் கழற்றிய அன்று, பசு படுப்பதுபோல மெதுவாகக் கூரை கூடவே இறங்கியது. விரிசல் இல்லை, சத்தமும் இல்லை. கழற்றியதைத் திரும்ப வைத்தார்கள். நகரத்து எஞ்சினியர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கான்கிரீட் முதல் தரம் என்றார், போகும்போது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். அதிலிருந்து அந்தக் குடும்பம் முட்டுகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தது. இரும்பு முட்டுகள் பிசைந்த மாவில் ஊசி இறங்குவதுபோலத் தரைக்குள் இறங்கின. தூண்கள் மெழுகுவர்த்தி குறைவதுபோலக் குறைந்தன. சுவரில் அவ்வப்போது ஒரு வரிசைச் செங்கல் இல்லாமல் போனது. தோட்டத்தில் தேடினார்கள், அங்கும் இல்லை. சிமென்ட் விலை ஏறிய வருடம் கூரை ஒரு சாண் இறங்கியது, ஒலிவம் நன்றாகக் காய்த்த வருடம் இரண்டு சாண். தச்சர் வசந்தம்தோறும் வந்து ஜன்னலை அறுத்துக் குட்டையாக்கினார். என்றைக்கோ எழுப்பப்போகும் மாடிக்காகக் கூரைமேல் நீட்டி விட்டிருந்த கம்பிகளில், மல்ஹா ஒரு முக்காலியில் ஏறி நின்று துணி காயப்போட ஆரம்பித்தாள். போவதற்கு வேறு இடமில்லை. கல்வீட்டில் தம்பியின் பிள்ளைகள் கல்யாணமாகி நிறைந்துவிட்டார்கள். மார்செய் சம்பாத்தியம் மொத்தமும் இந்தச் சுவர்களுக்குள் இருந்தது.

கூரை இறங்கியது, தவுஸ் வளர்ந்தாள். இந்த இரண்டையும் மல்ஹா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மகளுக்குப் பரிமாறும்போது தன் அகப்பை பானைக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டதைக் கவனித்தாள். பல மாதங்களாகவே அது அங்கே நின்று, பிள்ளை வளராமலிருக்கட்டும் என்பதுபோலப் பாதியைத் திரும்பப் பானையில் கொட்டிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓர் இரும்பு முட்டில் சாய்ந்துகொண்டு அழுதாள். அன்றிலிருந்து தன் பங்கையும் மகள் தட்டில் வைத்தாள்.

இந்தச் செய்தி பழைய சந்தில் தனியாக இருந்த ஷாபாவின் காதுக்குப் போனது. கணவர் இறப்பதற்கு முன் வெட்டிக் காயவைத்த நான்கு சாம்பல்மரக் கம்புகள் அவள் முற்றத்தில் இருந்தன. அவள் கட்டிக்கொண்டிருந்த சமையலறைக்குக் கூரை போடும்போது முட்டுக்கு வேண்டும் என்று வைத்திருந்தவை. ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினாள்.

"கதவத் திறடி மல்ஹா, கழுத்து ஒடியுது."

"அக்கா, இது உங்க சமையக்கட்டுக்கு வெச்ச கம்பாச்சே!"

"என் சமையக்கட்டு எங்கயும் ஓடிப் போகாது. உன் கூரைதான் ஓடியாருது."

தவுஸ் படுக்கும் மூலையில் நான்கையும் நிறுத்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அந்த மூலை நின்றது. மற்ற இடமெல்லாம் இறங்க இறங்க, கூரை ஒரு பக்கம் தூக்கிக் கட்டிய கூடாரம்போல ஆனது. வசந்தத்தில் கம்புகள் துளிர்த்தன. பெரியவர்கள் வீட்டுக்குள் குனிந்தே நடந்தார்கள்; தவுஸ் மட்டும் அந்த இலைகளுக்கு நடுவில் நிமிர்ந்து நின்று தலைவாரினாள், பாடம் படித்தாள், தொழுதாள். வருடம் போகப்போக நிமிர்ந்து நிற்கும் இடம் ஒரு தொழுகை விரிப்பின் அளவுக்குச் சுருங்கியது.

ஷாபா தார்ப்பாயின் கீழ் சமைத்தாள். மழைக்காலத்தில் அவள் அடுப்புப் புகை எழும்ப முடியாமல் சந்து முழுக்கத் தரையோடு தவழ்ந்தது. மெஸ்யான் அதைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். "கூரை சௌக்கியமா?" என்று அவள் இருமலுக்கு நடுவில் கேட்பாள். சௌக்கியம் என்பார். ஒருமுறை கம்புக்கு விலை கொடுக்கப் போனார்.

"அது விக்கிறதுக்கில்லப்பா. அது கீழ ஒரு புள்ள நிக்குதே, அதையும் சேர்த்தா விலை பேசுறது?" என்று சொல்லி ஒரு கிண்ணம் மோர் கொடுத்து அனுப்பினாள். மெஸ்யான் காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கம்புகள் வந்த மூன்றாவது குளிர்காலத்தில் இலைகள் பழுத்தன. ஒரு கம்பு முனகத் தொடங்கியது. தவுஸ் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் அது பதில் சொல்வதுபோலக் கேட்டது. மல்ஹா மகளைத் தன் பக்கத்தில் இழுத்துப் படுக்கவைத்தாள். அங்கே கூரை எழுந்து உட்காருகிறவர் உச்சந்தலையைத் தொட்டது.

"ஊரக் கூப்பிடுங்க," என்றாள். "நீங்க கூப்பிடலைன்னா நான் போய்க் கூப்பிடுறேன். வெக்கம் பெருசா, புள்ள பெருசா?"

"வெக்கமில்லடி. வாங்கினதயே இன்னும் திருப்பிக் குடுக்கல. இன்னும் குடுங்கன்னு எந்த முகத்த வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

அந்த வாரம்தான் ஊர், ஷாபாவின் சமையலறைக்குத் திவிசி வைத்திருந்தது. பழைய சந்தில் வண்டி நுழையாது. மணலும் ஜல்லியும் கீழே சாலையோரம் கொட்டிக் கிடந்தன. முட்டுக்கம்பை எங்கேயாவது இரவல் வாங்கலாம் என்று லூனிஸ் சொல்லியிருந்தார். மெஸ்யானை யாரும் அழைக்கவில்லை; தன் கூரைக்கு ஊரை அழைக்காத ஒருவரை ஊர் அழைப்பது வழக்கமில்லை.

ஷாபாவின் கூரை ஒரே நாளில் முடிந்தது. மணலும் ஜல்லியும் முற்றத்தில் ஏற்கனவே குவிந்திருப்பதையும், சுவரோரம் நான்கு பச்சைக் கம்புகள் சாத்தியிருப்பதையும் பார்த்து, ஒவ்வொருவரும் அதை மற்றவர் செய்ததாக எண்ணிக்கொண்டார்கள். புகழில் பெரும்பங்கு லூனிஸுக்குப் போனது. அவர் அதைப் பாதிதான் மறுத்தார். மெஸ்யான் வீட்டுக் கூரை அத்தோடு நின்றது. ஏறவில்லை, நின்றது. முனகிய கம்பு அடங்கியது. இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள், கூரை அசையவில்லை. அவற்றைக் கோழிக் கொட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாம்பல்மரக் கம்புகளைத் தொடவில்லை. அவை வருடம் தவறாமல் துளிர்க்கின்றன, மல்ஹா ஆட்டுக்குக் கிள்ளிப் போடுகிறாள். தவுஸைப் பெண் கேட்டு வந்தவர்கள் குனிந்தபடி உள்ளே வந்து, குனிந்தபடி பேசி, குனிந்தபடி வெளியே போனார்கள். எங்கள் ஊரில் இப்போது குழந்தைகூட அந்த வாசலில் தானாகவே தலையைத் தாழ்த்திக்கொள்கிறது.

திவிசிக்கு முந்தின நாள் மதியம் மலையிலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. பாங்கு சொல்பவருக்குத் தன் கை தெரியாத அளவு பனி. கடைகள் சாத்தப்பட்டன, நாய்களும் நடமாடவில்லை. விறகுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மெஸ்யான் வெளியே வந்து, நிமிர்ந்து, தன் நிலத்தின் எல்லையில் நின்ற நான்கு சாம்பல்மரங்களை வெட்டினார். சுவரைத் தடவித் தடவி அவற்றைப் பழைய சந்துக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார். பிறகு சாலையோரத்துக்கு இறங்கி, மணலைச் சட்டி சட்டியாகத் தலையில் சுமந்து ஏற்றினார். மணல் முடிந்ததும் ஜல்லி. துறைமுகத்தில் அவர் பழகிய வேலைதான், ஆனால் மூச்சு அப்போதுபோல இல்லை. ஒருமுறை தார்ப்பாய்க்கு உள்ளிருந்து ஷாபா, "யாரது?" என்றாள். அவர் தலையில் பாரத்தோடு அப்படியே நின்றார். "ச்சீ, யார் வீட்டு ஆடோ," என்று அவள் இருமிக்கொண்டு அடுப்பை ஊதினாள். சட்டியைச் சத்தமில்லாமல் சரித்தார். எல்லாம் ஏறியதும், மழை வந்தால் கரையாமலிருக்க மணல்மேல் பெரணித்தழை பரப்பி, அதன்மேல் கற்களை வைத்தார். பனி விலகுவதற்குள் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, குனிந்து உள்ளே போனார்.